வியாழனைத் தேடி – 6: விரியாத குடை

சென்ற வாரம் வாயேஜர்கள் இரண்டும் வியாழனைக் கடந்துபோன கதையைப் பார்த்தோம். 1979 மார்ச்சில் ஒன்று, ஜூலையில் மற்றொன்று. அதன் நிலவுகளில் அயோவில் எரிமலை பொங்குவதையும், யூரோப்பாவின் பனித்தரையில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதையும் படம்பிடித்து அனுப்பிவிட்டு, இரண்டும் சனியைப் பார்க்கப் போய்விட்டன. கேள்விகள் மட்டும் பூமியில் தங்கின. போகிற போக்கில் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு ஒரு கோளைப் பற்றி எவ்வளவுதான் சொல்லமுடியும்? அங்கேயே தங்கி, சுற்றிச் சுற்றி வந்து பார்க்க ஒரு கலம் தேவைப்பட்டது.

அந்தக் கலத்துக்கான திட்டம் அப்போதே கையில் இருந்தது. வாயேஜர்கள் கிளம்பிய அதே 1977-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தந்துவிட்டது. 1610-ல் வியாழனின் நான்கு பெரிய நிலவுகளைத் தொலைநோக்கியில் கண்டவரின் பெயரையே கலத்துக்கும் வைத்தார்கள்: கலிலியோ. இதில் இரண்டு பகுதிகள். வியாழனைச் சுற்றிவரும் தாய்க்கலம் ஒன்று. அதிலிருந்து பிரிந்து வியாழனின் மேகங்களுக்குள் குதிக்கும் சிறு கலம் இன்னொன்று. வெளிக்கோள் ஒன்றைச் சுற்றிவருவதும் அதன் காற்றுமண்டலத்துக்குள் இறங்குவதும் அதுவரை யாரும் செய்யாத காரியங்கள்.

1982-ல் ஏவுவதாகத் திட்டம். ஏவியது 1989-ல். அந்த ஏழு வருடத் தாமதம்தான் இந்த வாரக் கதையின் வேர்.

கிடங்கில் கழிந்த காலம்

கலிலியோவை விண்வெளி ஓடத்தில் ஏற்றிக்கொண்டுபோய், பூமிக்கு மேலே இறக்கிவிட்டு, அங்கிருந்து இன்னொரு ராக்கெட்டால் வியாழனை நோக்கித் தள்ளுவது என்று முடிவாகியிருந்தது. ஓடம் தயாராகவே தாமதமானது. தள்ளுவதற்கு எந்த ராக்கெட் என்பதிலும் நாசா மனம் மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் சென்டார் என்ற ராக்கெட் தேர்வாயிற்று. திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் எரியும் அதற்கு நல்ல வலு உண்டு. கலத்தை இரண்டரை வருடத்துக்குள் நேராக வியாழனில் சேர்த்துவிடும். 1985 டிசம்பரில் கலிலியோ, கலிஃபோர்னியாவின் பசடேனாவில் உள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்திலிருந்து லாரியில் கிளம்பி, நாட்டின் மறுகோடியில் ஃபுளோரிடாவிலிருக்கும் கென்னடி ஏவுதளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 1986 மேயில் ஏவவேண்டும்.

1986 ஜனவரி 28. சேலஞ்சர் ஓடம் கிளம்பிய 73-வது நொடியில் சிதறியது. ஏழு பேரும் மாண்டார்கள். ஓடங்கள் அத்தனையும் பறப்பது நிறுத்தப்பட்டது. மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் ஓடத்தின் வயிற்றில் திரவ ஹைட்ரஜன் நிரப்பிய ராக்கெட்டை வைத்து அனுப்புவதா என்ற கேள்வி எழுந்தது. ஜூனில் நாசா சென்டாரைக் கைவிட்டது. அதற்குப் பதில் கிடைத்தது திட எரிபொருளில் இயங்கும் ராக்கெட். ஆபத்து குறைவு, வலுவும் குறைவு. அதை வைத்துக்கொண்டு கலிலியோவை வியாழன்வரை நேராகத் தள்ள முடியாது.

வழி கண்டுபிடித்தவர் ஆய்வகத்தில் பாதைக் கணக்குப் போடும் ரோஜர் டீல். வெளியே போகவேண்டிய கலத்தை முதலில் உள்ளே, சூரியனின் பக்கம் அனுப்புவது அவருடைய யோசனை. வெள்ளியின் அருகே ஒருமுறை, பூமியின் அருகே இருமுறை கடந்துபோனால், அந்தக் கோள்களின் ஈர்ப்பே கலத்தின் வேகத்தை ஏற்றிவிடும். இரண்டரை வருடப் பயணம் ஆறு வருடமாக நீளும். ஆனால் போய்ச் சேரும்.

1987-ல் கலம் லாரியேறிக் கலிஃபோர்னியாவுக்குத் திரும்பியது. வெள்ளிக்கு அருகே அடிக்கும் வெயிலைத் தாங்க அதற்குக் கூடுதல் மறைப்புகள் பொருத்தினார்கள். 1989-ல் மறுபடி லாரி, மறுபடி ஃபுளோரிடா. கலத்தில் புளூட்டோனியம் மின்கலன்கள் இருந்ததால், ஓடம் வெடித்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் போராட்டக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள், தடை கிடைக்கவில்லை. அக்டோபர் 18 அன்று அட்லாண்டிஸ் ஓடம் கலிலியோவைச் சுமந்துகொண்டு மேலே போனது.

1990 பிப்ரவரியில் வெள்ளி. டிசம்பரில் பூமி. பூமியைக் கடக்கும்போது வானியலாளர் கார்ல் சேகன் ஒரு சோதனை செய்தார். கலிலியோவின் கருவிகளைப் பூமியின் பக்கம் திருப்பி, இந்தக் கோளில் உயிர் இருப்பதாகக் கருவிகள் சொல்கின்றனவா என்று பார்த்தார். ஆக்சிஜனும் மீத்தேனும் சேர்ந்திருப்பதும், இயற்கையில் தோன்ற வழியில்லாத வானொலி அலைகளும் பதிவாகின. கருவிகள் தேர்ச்சி பெற்றன. கலம் நல்ல உடல்நிலையில் இருந்தது. வெயில் தாழ்ந்ததும் ஒரே ஒரு வேலை பாக்கி: பெரிய ஆன்டெனாவை விரிக்கவேண்டும்.

பதினெட்டுக் கம்பிகள்

அந்த ஆன்டெனா பார்ப்பதற்கும் இயங்குவதற்கும் ஒரு குடை. விரித்தால் 4.8 மீட்டர் அகலம். நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றி 18 கம்பிகள், கம்பிகளுக்கிடையே பொன்முலாம் பூசிய மாலிப்டினம் வலை. ஓடத்துக்குள் அடங்கவேண்டும் என்பதற்காக மடக்கி வைத்திருந்தார்கள். பழைய திட்டப்படி, ஏவிய கொஞ்ச நாளிலேயே விரித்திருப்பார்கள். பாதை வெள்ளி வழியாக மாறியதால், வெயிலில் வலை கெட்டுவிடாதபடி ஒன்றரை வருடம் மடக்கியே வைக்கவேண்டியதாயிற்று.

1991 ஏப்ரல் 11. விரிக்கச் சொல்லிக் கட்டளை போனது. மோட்டார்கள் சுற்ற ஆரம்பித்தன. ஒரு நிமிடத்துக்குள் திணறின. மின்சாரத்தை இழுத்தபடி நின்றுவிட்டன. கலத்தின் சுழற்சி எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. ஆன்டெனா முழுதாக விரிந்திருந்தால், கை நீட்டிச் சுழல்கிறவரின் வேகம் குறைவதுபோல் குறைந்திருக்கவேண்டும். இன்னொரு தடயமும் கிடைத்தது. சூரியனைப் பார்க்கும் உணர்கருவி ஒன்றின் கண்ணை ஏதோ மறைத்தது. மறைத்தது ஒரு கம்பியேதான் என்றும், அது இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்றும் பொறியாளர்கள் கணக்குப்போட்டுச் சொன்னார்கள். சில கம்பிகள் விரிந்துவிட்டன. சில தண்டோடு ஒட்டிக்கொண்டு நின்றன. ஒரு பக்கம் மட்டும் பிதுங்கி நிற்கும் அந்த ஆன்டெனாவால் எந்தப் பயனும் இல்லை.

காரணம் தேடிய குழு பூமியில் இருந்த மாதிரி ஆன்டெனாவைச் சோதித்தது. ஒவ்வொரு கம்பியின் நடுவிலும் சிறு ஊசிகள் உண்டு. அவை தண்டிலுள்ள குழிகளில் பொருந்தி, மடங்கிய கம்பியை ஆடாமல் பிடித்துக்கொள்ளும். ஊசிமுனைகளில் உலர் மசகுப் பூச்சு. பூச்சு பூசியது கலம் தயாரான காலத்தில், ஒரே ஒரு முறை. அதன்பிறகு லாரிப் பயணங்களின் அதிர்வில் ஊசிகள் குழிகளில் தேய்ந்து தேய்ந்து பூச்சு உதிர்ந்திருக்கவேண்டும்; ஏவும்போது ஏற்பட்ட அதிர்வில் வெற்று உலோகமும் உலோகமும் உரசிப் பற்றிக்கொண்டிருக்கவேண்டும். இதுதான் குழுவின் முடிவு. கலம் குறித்த காலத்தில் கிளம்பியிருந்தால், இத்தனை வருடம் கிடங்கில் கிடந்து, இத்தனை தூரம் சாலையில் குலுங்கியிருக்காது. சேலஞ்சரில் ஆரம்பித்த சங்கிலியின் கடைசிக் கண்ணி, சுண்டுவிரல் அளவுகூட இல்லாத இந்த ஊசிகள்.

விடுவிக்க என்னென்னவோ செய்தார்கள். கலத்தை வெயில் பக்கமாகவும் நிழல் பக்கமாகவும் மாற்றி மாற்றித் திருப்பினார்கள். தண்டு சூட்டில் நீண்டு குளிரில் சுருங்கும்போது ஊசிகள் நழுவாதா என்ற நம்பிக்கை. நழுவவில்லை. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மோட்டாரைப் போட்டுப் போட்டு அணைத்துச் சுத்தியல் அடிப்பதுபோல் 13,000 தடவைக்கு மேல் தட்டிப்பார்த்தார்கள். கலத்தை வழக்கத்தைவிட வேகமாகச் சுழற்றிப்பார்த்தார்கள். கம்பிகள் அசையவில்லை.

ஒரு படத்துக்கு ஆறு நாள்

இழப்பு எவ்வளவு என்பதை ஒரு கணக்கு காட்டும். கலிலியோவின் கேமரா எடுக்கும் படம் 800-க்கு 800 புள்ளிகள் கொண்டது. ஒரு படத்துக்கு 51 லட்சம் பிட்கள். பெரிய ஆன்டெனா நொடிக்கு 1,34,400 பிட்கள் அனுப்பும். ஒரு படம் ஒரு நிமிடத்துக்குள் பூமிக்கு வந்துவிடும். மிச்சமிருந்தது சிறிய ஆன்டெனா. எல்லாத் திசைக்கும் சிதறவிடும் அதன் பலவீனமான சைகை, வியாழனின் தூரத்திலிருந்து நொடிக்கு 10 பிட் அளவில்தான் வரும். ஒரே ஒரு படத்துக்கு ஏறக்குறைய ஆறு நாள்.

பயணம் வீண் என்று கைகழுவ யாரும் தயாராக இல்லை. திட்ட மேலாளர் பில் ஓ'நீல் தலைமையில் குழு பிரச்சினையைத் திருப்பிப்போட்டது. கலத்தில் கைவைக்க முடியாது. ஆனால் அதன் கணினிக்கு வேறு நிரல் அனுப்பலாம். 1970-களின் வன்பொருள் அது. அந்தச் சின்ன நினைவகத்துக்குள் அடங்கும்படி, படங்களைச் சுருக்கி அனுப்பும் புது மென்பொருள் எழுதப்பட்டது. கறுப்பு வானம் மட்டும் தெரியும் பகுதிகளைக் கழித்துவிட்டு, நிலவின் பகுதியை மட்டும் எடுத்து, அதையும் சுருக்கி, பிழை திருத்தும் குறியீட்டோடு அனுப்புவதற்குக் கலத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1995-லும் 1996-லும் இந்த நிரல்கள் வானொலி வழியே கோடிக்கணக்கான கிலோமீட்டர் கடந்து கலத்தில் ஏறின.

பூமியின் பக்கமும் சும்மா இருக்கவில்லை. அந்த வருடங்களில் வியாழன் தென்வானில் நின்றது. எனவே ஆஸ்திரேலியாவுக்குத்தான் நன்றாகத் தெரியும். கான்பராவின் 70 மீட்டர் ஆன்டெனா, அதன் பக்கத்திலுள்ள 34 மீட்டர் ஆன்டெனாக்கள், பார்க்ஸ் ஊரின் 64 மீட்டர் வானொலித் தொலைநோக்கி, கடலுக்கு அப்பால் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன் என்று பல காதுகளை ஒரே காதாகச் சேர்த்துக் கேட்டார்கள். எல்லாம் சேர்ந்து வேகம் நொடிக்கு 160 பிட்வரை ஏறியது. சுருக்கும் மென்பொருளும் சேர்ந்ததால் ஒவ்வொரு பிட்டும் பழைய பல பிட்களின் வேலையைச் செய்தது. திட்டமிட்ட அறிவியலில் 70 சதவீதத்தைக் காப்பாற்றிவிடலாம் என்று குழு அறிவித்தது.

வழியிலேயே அதற்கு ஒரு ஒத்திகை நடந்தது. 1993 ஆகஸ்டில் கலிலியோ ஐடா என்ற குறுங்கோளைக் கடந்தது. படங்களை முழுதாக இறக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால், ஒவ்வொரு படத்திலும் இடைவெளி விட்டுச் சில வரிகளை மட்டும் முதலில் வரவழைத்து, எதில் குறுங்கோள் இருக்கிறது என்று பார்த்தார்கள். 1994 பிப்ரவரி 17 அன்று அப்படி வந்த வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்த குழு உறுப்பினர் ஆன் ஹார்ச், ஐடாவுக்குப் பக்கத்தில் இன்னொரு புள்ளியைக் கவனித்தார். ஒன்றரைக் கிலோமீட்டர் அளவுள்ள நிலவு அது; பெயர் டாக்டில். ஒரு குறுங்கோளுக்கு நிலவு உண்டு என்று முதன்முதலில் உறுதியானது இப்படித்தான். அதே வருடம் ஜூலையில் ஷூமேக்கர்-லெவி வால்மீனின் துண்டுகள் வியாழனில் மோதியபோது, மோதிய இடம் பூமியின் பார்வையில் படவில்லை. வழியிலிருந்த கலிலியோ நேராகப் பார்த்தது.

சிக்கிக்கொண்ட நாடா

மெதுவான ஆன்டெனாவால் கலத்தின் டேப் ரிக்கார்டர் உயிர்நாடியாகிவிட்டது. நிலவைக் கடக்கும் சில மணி நேரத்தில் எடுத்ததையெல்லாம் அதில் பதிந்து, அடுத்த பல வாரங்களில் சொட்டுச் சொட்டாக அனுப்பவேண்டும். 1995 அக்டோபர் 11 அன்று, வியாழனை அடைய இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில், ரீவைண்ட் செய்யச் சொன்ன நாடா நின்ற இடத்திலேயே நின்றது. மோட்டார் மட்டும் மணிக்கணக்கில் ஓடியது. அக்டோபர் 20 அன்று மெல்ல முன்னோக்கி ஓட்டிப் பார்த்தார்கள், ஓடியது. தேய்ந்திருக்கக்கூடும் என்று சந்தேகித்த பகுதியின் மேல் 25 சுற்று நாடாவைச் சுற்றிப் புதைத்து, இனி அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று பூட்டினார்கள். வியாழனை அடையும் நாளன்று எடுக்கவிருந்த அயோவின் நெருக்கப் படங்களை அடியோடு ரத்துசெய்தார்கள். நாடாவை வேறு ஒன்றுக்காகப் பத்திரப்படுத்தினார்கள்.

அது சிறு கலத்தின் குரல். ஜூலையிலேயே பிரிந்து தனியே போன 339 கிலோ கலம், டிசம்பர் 7 அன்று நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் வியாழனின் காற்றுமண்டலத்தில் பாய்ந்தது. வெப்பக் கவசத்தில் பாதிக்கு மேல் எரிந்துபோனது. பாராசூட் விரிந்து, 57 நிமிடம் பேசியது. பூமியின் காற்றழுத்தத்தைப்போல் 20 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில், 150 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதன் குரல் அடங்கியது. சொல்லிப்போன சேதி விஞ்ஞானிகளைக் குழப்பியது: எதிர்பார்த்த நீராவி இல்லை. அது இறங்கியது மேகம் விலகிய வறண்ட திட்டு ஒன்றில் என்று பிறகு புரிந்தது. வியாழனின் உள்ளே தண்ணீர் எவ்வளவு என்ற கேள்வி அப்படியே நின்றது. ஆழம் போகப்போகக் காற்றின் வேகம் குறையாததும் ஒரு பாடம்: வியாழனின் காற்றுகளை ஓட்டுவது சூரிய வெளிச்சம் மட்டும் அல்ல, உள்ளிருந்து வரும் வெப்பமும்தான்.

அதே நாளில் தாய்க்கலம், ஜெர்மனி கொடுத்த எஞ்சினை 49 நிமிடம் இயக்கி வேகம் குறைத்து, வியாழனின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. வெளிக்கோள் ஒன்றைச் சுற்றிய முதல் கலம் அதுதான்.

படம் சொல்லாததை முள் சொன்னது

1996 ஜூனில் கானிமீடைக் கடந்தபோது, அந்த நிலவுக்குச் சொந்தமாகக் காந்தப்புலம் இருப்பது தெரிந்தது. நிலவு ஒன்றுக்கு அப்படி இருப்பது அதுவரை கேள்விப்படாத விஷயம். அயோவின் எரிமலைக் குழம்பு பூமியின் குழம்பைவிடச் சூடானது என்று தெரிந்தது. யூரோப்பாவின் படங்களில், பனிப்பாளங்கள் உடைந்து, விலகி, திரும்பி, மறுபடி உறைந்து நின்றன. கீழே ஏதோ இளகியிருந்தால்தான் மேலே இப்படி நகரும். இளகியது தண்ணீரா, வெறும் சூடான பனியா? படத்தை எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

பதில் காந்தமானியிடமிருந்து வந்தது. அந்தக் கருவிக்குப் பொறுப்பாளர் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மார்கரெட் கிவெல்சன். வியாழனின் காந்த அச்சு சாய்ந்திருப்பதால், யூரோப்பா இருக்கும் இடத்தில் வியாழனின் காந்தப்புலம் ஐந்தரை மணிக்கொரு தரம் திசை மாறும். யூரோப்பாவுக்குள் மின்சாரம் கடத்தும் அடுக்கு ஒன்று இருந்தால், அதில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, எதிர்த்திசையில் ஒரு புலம் எழும். வியாழனின் புலம் மாறினால் அதுவும் மாறும். காந்தத் துண்டு உள்ளே புதைந்திருந்தாலோ, அது மாறாது. வித்தியாசம் தெரியவேண்டுமானால், வியாழனின் புலம் எதிர்த்திசையில் இருக்கும் நேரம் பார்த்து ஒருமுறை கடக்கவேண்டும். 2000 ஜனவரி 3 அன்று அப்படிக் கடந்தார்கள். யூரோப்பாவின் புலமும் திரும்பியிருந்தது. பனியோ பாறையோ அவ்வளவு நன்றாக மின்சாரம் கடத்தாது. உப்புத் தண்ணீர் கடத்தும். பனிக்கு அடியில் கடல் இருப்பதற்கு இதைவிட வலுவான சான்று அதுவரை கிடைத்ததில்லை. கலிஸ்டோ நிலவிலும் அதே அடையாளம் தென்பட்டது.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பெரிய ஆன்டெனா போனதால் அடிபட்டவை படங்கள். ஆயிரக்கணக்கில் வரவேண்டியவை வரவில்லை. வியாழனின் மேகங்களை நாள்தவறாமல் படமாக்கும் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் காந்தமானிக்குத் தேவை சில எண்கள். நொடிக்குப் பத்துப் பிட் ஓடும் ஒற்றையடிப் பாதையே அதற்குப் போதும். கலிலியோவின் ஆகப்பெரிய கண்டுபிடிப்பு, முடங்கிய கலத்தாலும் செய்யக்கூடியதாக இருந்தது.

கடலைக் காக்க ஒரு முடிவு

இரண்டு வருடத்துக்கென்று போன கலம் எட்டு வருடம் வேலை செய்தது. தாங்கும் என்று கணித்ததைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான கதிர்வீச்சை வாங்கிக்கொண்டது. 2002 நவம்பரில் அமால்தியா நிலவைக் கடந்தபோது டேப் ரிக்கார்டர் மறுபடி நின்றது. கதிர்வீச்சில் அதன் ஒளி உமிழும் டயோடு ஒன்று பழுதாகியிருந்தது. பூமியிலிருந்தபடியே அதில் மணிக்கணக்கில் மின்சாரம் பாய்ச்சி, படிகக் குறையைச் சூட்டில் ஆற்றி, பதிந்த தகவலை மீட்டார்கள்.

எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. தீர்ந்தபின் கலத்தைத் திருப்ப முடியாது. வியாழனைச் சுற்றிக்கொண்டே இருந்து, என்றாவது ஒருநாள் யூரோப்பாமேல் விழலாம். கிருமிநீக்கம் செய்யாத கலம் அது. பூமியின் நுண்ணுயிரி ஒன்று அதில் ஒட்டிக்கொண்டு போய்க் கடலில் இறங்கினால், பிற்காலத்தில் அங்கே உயிரைத் தேடுகிறவர்கள் கண்டெடுப்பது நம் உயிராகவே இருக்கலாம். கடல் இருப்பதாகத் தெரியாமலே இருந்திருந்தால் இந்தக் கவலையே வந்திருக்காது. 2003 செப்டம்பர் 21 அன்று, 460 கோடி கிலோமீட்டர் பயணத்துக்குப் பிறகு, கலிலியோவை வியாழனுக்குள்ளேயே விழவிட்டார்கள். அந்த ஆன்டெனா கடைசிவரை விரியவில்லை.

அந்தக் கடலைத் தேடிக்கொண்டு யூரோப்பா கிளிப்பர் என்ற கலம் 2024 அக்டோபர் 14 அன்று கிளம்பிவிட்டது. 2030 ஏப்ரலில் வியாழனை அடையும். அதிலும் ஒரு காந்தமானி போகிறது.

சிறு கலம் விடை காணாமல் விட்ட தண்ணீர்க் கேள்வியோடு, சூரிய வெளிச்சத்தை மட்டும் நம்பி வியாழனுக்குப் போன ஜூனோவின் கதை அடுத்த வாரம்.